கரி பூசிய தாளில் ஒரு குரல்

அறுவைச் சிகிச்சை முடிந்து கண் விழித்ததும் தண்ணீர் கேட்டேன். பக்கத்தில் நின்ற தாதி குனிந்து என் உதடுகளைப் பார்த்த பிறகுதான் தண்ணீர் கொண்டுவந்தார். தொண்டை வீங்கியிருக்கும், இரண்டு மூன்று நாளில் குரல் வந்துவிடும் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கழுத்தில் இருந்த கட்டியை எடுத்தாயிற்று, அது கெட்ட கட்டியும் இல்லை. குரல் வருகிறபோது வரட்டும் என்று வீட்டுக்கு வந்தேன்.

ஐந்து வாரமாகியும் வரவில்லை. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. சிறப்பு மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய கமரா ஒன்றை விட்டுப் பார்த்து, இடது பக்கத்துக் குரல்நாண் அசையவில்லை என்றார். அதற்குப் போகும் நரம்பு, கட்டி இருந்த தைரொய்ட் சுரப்பிக்குப் பின்னால் ஓடுகிறதாம். அறுவையின்போது அது இழுபட்டிருக்கலாம். இப்படி நடக்கக்கூடும் என்று முன்பே விளக்கித்தான் என்னிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். நரம்பு அறுபடவில்லை, அதனால் திரும்பி வரலாம். ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம், வராமலும் போகலாம் என்றார்.

என் வேலையே குரல்தான். நான் தொலைபேசியில் மொழிபெயர்ப்பவள். ஆக்லாந்தில் ஒரு தமிழருக்கு டொக்டரோடு பேச ஆங்கிலம் போதவில்லை என்றால், டொக்டர் ஓர் எண்ணை அழைப்பார். மூன்றாவது ஆளாக நான் இணைவேன். ஹில்ஸ்பரோவில் எங்கள் வீட்டுச் சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பன்னிரண்டு வருடமாக இதைச் செய்துவந்தேன். யாழ்ப்பாணத்தவர் வயிறு நோகுது என்பார். தஞ்சாவூர்க்காரர் வயிறு வலிக்குது என்பார். மலேசியாவிலிருந்து வந்த அம்மா பசியாறிட்டேன் என்றால், இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரவில்லை என்று பொருள். இந்த வேலையில் ஒரு விதி உண்டு. நோயாளி 'நான்' என்றால் நானும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அவருக்கு நெஞ்சு நோகிறதாம் என்று சொல்லக் கூடாது. அப்படி எத்தனையோ பேருடைய நோவும் பயமும் என் வாய் வழியாகப் போயிருக்கின்றன. இப்போது சொந்த மகளைச் சாப்பிடக் கூப்பிடவே காற்றுப் போதவில்லை.

நான் யாழ்ப்பாணம், என் கணவர் தமிழ்நாட்டுக்காரர். படிக்க வந்து, இங்கேயே தங்கியவர். பென்ரோஸில் ஒரு சரக்குக் கிடங்கில் எந்த லொறி எப்போது எங்கே போக வேண்டும் என்று பார்க்கிற வேலை. அங்கே நாள் முழுக்கக் கத்திப் பேசிவிட்டு வருவதால் வீட்டில் அதிகம் பேசமாட்டார். மகளுக்குப் பதின்மூன்று வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டுச் சத்தத்தில் பாதிக்கு மேல் என்னுடையது என்பது அது நின்றபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கணவர் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு வெள்ளைப் பலகையை ஒட்டினார். சோறு வைத்தாயிற்று, குடை எடு, நாளைக்குப் பல் டொக்டர் என்று அதில் எழுதினேன். ஒரு நாள் காலையில் அதற்குக் கீழே மகள் எழுதியிருந்தாள், ஆங்கிலத்தில்: நீங்கள் கத்தாமல் வீடு ஒரு மாதிரி இருக்கிறது.

பேச்சுச் சிகிச்சை தருகிற பெண்மணி மவுண்ட் ஆல்பர்ட்டில் பழைய மர வீடு ஒன்றில் கிளினிக் வைத்திருந்தார். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வார்; தானும் கம்பளிக் காலுறையோடுதான் நடமாடுவார். அதனாலேயே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. முதல் நாள் என் முன்னால் ஒரு மைக்கை வைத்து, "ஆ என்று முடிந்தவரை இழுங்கள்" என்றார். நான் இழுத்தது கணினித் திரையில் கோடாக விழுந்தது. கோழி கிளறிய மண் மாதிரி இருந்தது.

"இதை வைத்திருப்போம்" என்று அவர் தேதி போட்டுச் சேமித்தார். "இனி உங்கள் காதைக் கொஞ்ச நாளைக்கு நம்பாதீர்கள். குரல் துளித்துளியாகத்தான் வரும். காதுக்கு அது தெரியாது. கோட்டில் தெரியும்."

பிறகு போகிறபோக்கில் ஒன்று சொன்னார். மனிதக் குரலை முதன்முதலில் இப்படிக் கோடாக எழுதவைத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர், நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகிறது, அவர் விஞ்ஞானியும் இல்லை, அச்சுக்கூடத்தில் வேலை செய்தவர் என்று.

அன்றைக்கு அவர் தந்த வீட்டுப்பாடம் எனக்குப் பெரிய பாரமாகத் தெரிந்தது. தினமும் பத்து நிமிடம் ஒருவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும். சொற்பட்டியலை வாசிக்கக் கூடாது. கிசுகிசுக்கக் கூடாது. கேட்கிறவர் அடுத்தது என்ன என்று கேட்கிற மாதிரி ஒரு கதை வேண்டும். திரும்பி வரும் பஸ்ஸில் போனில் அந்தப் பிரெஞ்சுக்காரரைத் தேடினேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அன்று மாலை சாப்பாடு முடிந்ததும் கணவரை மேசையில் இருத்தினேன். டிவியை நிறுத்தி, அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த சமையல் நேர மணியில் பத்து நிமிடம் திருகிவைத்தேன்.

"என்னம்மா, ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்றார்.

"இல்லை. ஒரு ஆளைப் பற்றிக் கதைக்கப்போறன்" என்றேன். அந்த ஒரு வரிக்கு இரண்டு தரம் மூச்செடுக்க வேண்டியிருந்தது.

அந்தப் பிரெஞ்சுக்காரர் பாரிசில் பிறந்தவர். அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துகளைக் கோர்த்து, பிழை திருத்தி வாழ்ந்தவர். விஞ்ஞான நூல்கள் அச்சாகிற இடம் என்பதால் பிழை பார்க்கப் பார்க்கவே படித்தார். பள்ளிக்கூடம் கொடுக்காததை அந்த அச்சுப் படிகள் கொடுத்தன. சுருக்கெழுத்தின் மேல் அவருக்குப் பைத்தியம்; அதன் வரலாற்றையே எழுதியிருக்கிறார். ஆனால் எந்தச் சுருக்கெழுத்தும் பேச்சின் வேகத்துக்கு ஓடாது என்பது அவருடைய குறை. மேடையில் ஒரு பெரிய நடிகர் பேசினால் சொற்கள் புத்தகத்தில் நிற்கும், அவர் அதைச் சொன்ன விதம் அவரோடு போய்விடும். அது போகாமல் இருக்க வழியில்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தவருக்கு, ஒரு நாள் பிழை பார்க்க ஒரு மருத்துவப் படம் வந்தது. மனிதக் காதின் உட்புறம். செவிப்பறை, அதற்குப் பின்னால் கோர்த்துக் கிடக்கும் சின்ன எலும்புகள்.

மணி அடித்தது. என் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. பாதிச் சொற்கள் கணவர் காதுக்குப் போயிருக்காது.

"நாளைக்கு மிச்சமா?" என்று கேட்டுவிட்டுப் பாத்திரம் கழுவ எழுந்தார்.

அடுத்த நாள் கருவியைச் சொன்னேன். வெளிச்சத்தைப் பிடிக்க ஒரு பெட்டி இருக்கிறது, கண்ணைப் போல. சத்தத்தைப் பிடிக்கக் காதைப் போல ஒன்று செய்தால் என்ன என்று அவர் நினைத்தார். பெரிய பீப்பாய் மாதிரி ஒரு கூடு. அதன் ஒரு முனை திறந்திருக்கும், மற்ற முனையில் மெல்லிய சவ்வு. சவ்வில் ஒரு பன்றி மயிர். மயிரின் நுனி, விளக்குக் கரி பூசிய தாள் சுற்றிய உருளையைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒருவர் பீப்பாய்க்குள் பேச வேண்டும், உருளையைக் கையால் சுழற்ற வேண்டும். சவ்வு நடுங்கும், மயிர் நடுங்கும், கரியில் வெள்ளைக் கோடு விழும். குரல் தன்னைத்தானே எழுதிக்கொள்ளும்.

"அப்போ திரும்பப் போட்டுக் கேட்கலாமா?" என்றார் கணவர்.

"இல்லை. கேட்கிறதுக்கு இல்லை. வாசிக்கிறதுக்கு."

"புரியல."

எனக்கும் அது புரியச் சில நாள் பிடித்தது. திரும்ப ஒலிக்கவைக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. அச்சுக்கூடத்து மனிதர். பேச்சு தாளில் வந்துவிட்டால் மிச்சத்தைக் கண் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினார். அந்தக் கோடுகளை மக்கள் எழுத்தைப் போலவே வாசிக்கக் கற்றுக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தார். காப்புரிமை வாங்கினார். ஒலிக்கருவி செய்கிற ஒருவரோடு சேர்ந்து அதை மேம்படுத்தினார். பாடியும் பேசியும் தாள் தாளாக எடுத்தார்; அவற்றில் சிலவற்றை அறிஞர் சபையிலும் காப்புரிமை அலுவலகத்திலும் ஒப்படைத்துவைத்தார்.

இப்படி மூன்று வாரம் போயிற்று. நான் சொல்வதை விடப் படிப்பது அதிகமாயிற்று. மகள் வீட்டுப்பாடத்தைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து, கேட்காதவள் போலக் கேட்டாள். குரல் மட்டும் அப்படியே இருந்தது. எனக்கு அப்படித்தான் கேட்டது.

நான்காம் வாரத்தில் வேலையிடத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நல்ல மனதோடு எழுதியிருந்தார்கள். நீண்ட நாள் அழைப்பு எடுக்காதவர்களைப் பட்டியலில் இருந்து விலக்குவது வழக்கம், தொடர விரும்புகிறீர்களா, இரண்டு மாதத்துக்குள் சொன்னால் போதும் என்று. நான் இரண்டு மணி நேரத்துக்குள் பதில் எழுதினேன். நன்றி, விலகிக்கொள்கிறேன். அனுப்பாமல் வைத்திருந்தேன்.

அன்று மாலை கதையும் அந்த இடத்துக்குத்தான் வந்திருந்தது. கோடுகளை யாராலும் வாசிக்க முடியவில்லை. ஒரே சொல்லை இரண்டு பேர் சொன்னால் இரண்டு விதமாக விழுந்தது. அவராலேயே வாசிக்க முடியவில்லை. அறிஞர்கள் ஒலியை அளக்க அந்தக் கருவியைப் பயன்படுத்தினார்கள், அவ்வளவுதான். அவர் ஒரு முற்றத்துக்குள் சின்னக் கடை போட்டு, படங்களும் புத்தகங்களும் விற்கப் போனார்.

"அப்போ தோத்துட்டாருன்னு சொல்லு" என்றார் கணவர். சாதாரணமாகத்தான் சொன்னார்.

எனக்கு ஏனோ சுருக்கென்றது. மணி அடிக்க நான்கு நிமிடம் இருந்தது. எழுந்துபோய்ப் படுத்துவிட்டேன். அடுத்த நாள் பலகையில் 'இண்டைக்குக் கதை இல்லை' என்று எழுதினேன். அதற்கு அடுத்த நாள் அதை அழிக்கவும் இல்லை.

மூன்றாம் நாள் கணவர் வேலையால் வந்து, சாப்பாட்டுக்கு முன்னமே பாத்திரங்களைக் கழுவிவிட்டார். சாப்பிட்ட பின் தானே போய் மணியைத் திருகினார்.

"நான் சொன்னது அவரைப் பத்தித்தான். உன்னைப் பத்தி இல்ல" என்றார்.

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் ரெண்டு நாள் பேசல?"

போனை எடுத்து, அனுப்பாமல் இருந்த கடிதத்தைக் காட்டினேன். அவர் மெதுவாகப் படித்தார். நீயே முடிவு பண்ணு என்பார் என்று நினைத்தேன். அதுதான் அவருடைய வழக்கம்.

"ரெண்டு மாசம் குடுத்திருக்காங்கல்ல" என்றார். "கடைசி நாள்ல அனுப்பினாலும் அதே லெட்டர்தான. அதுவரைக்கும் அங்கயே கெடக்கட்டும். இப்போ சொல்லு, கடைக்குப் போனாரு, அப்புறம் என்னாச்சு அவருக்கு?"

அந்தப் பகுதியைச் சொல்ல எனக்கு மனமில்லாமல்தான் இருந்தது. அவருக்கு அறுபது வயதானபோது அமெரிக்காவில் ஒருவர் பேசும் இயந்திரத்தைச் செய்தார். பேசியதை அது திரும்பப் பேசியது. உலகம் அதிசயித்தது. பாரிசில் தன் கடைக்குள் இருந்துகொண்டு இவர் அதைப் பத்திரிகையில் படித்தார். ஒரு சின்ன நூல் எழுதி வெளியிட்டார்: குரலை முதலில் பிடித்தவன் நான், அந்த இயந்திரம் சத்தத்தைத் திருப்பித் தருகிறதே தவிரப் பேச்சை எழுதவில்லையே என்று. யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வருடம் இறந்துபோனார்.

சொல்லி முடித்தபோது மகள் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தட்ஸ் இட்?" என்றாள்.

"இல்லை, இன்னும் இருக்கு" என்றேன். மணி அடித்துவிட்டது. நான் நிறுத்தவில்லை.

அவர் ஒப்படைத்த தாள்கள் அலுவலகங்களில் அப்படியே கிடந்தன. ஏறக்குறைய நூற்றைம்பது வருடம் கழித்து, பழைய ஒலிகளைத் தேடுகிற சிலர் அமெரிக்காவில் இருந்து பாரிசுக்குப் போய் அவற்றைக் கண்டுபிடித்தார்கள். கரி உதிராமல் இருந்தது. தாள்களைத் தொடாமல் படமெடுத்து, கோட்டின் ஒவ்வொரு நெளிவையும் கணினிக்குக் கொடுத்து ஒலியாக்கினார்கள். அதில் ஒன்று குழந்தைகளும் பாடுகிற ஒரு நாட்டுப்பாட்டு. உலகத்தில் கேட்கக் கிடைக்கிற ஆகப் பழைய பாட்டுக் குரல்களில் அதுவும் ஒன்று.

கணவர் உடனே போனில் தேடிப் போட்டார். இரைச்சலுக்குள் இருந்து ஒரு குரல், மெல்லியதாக, சிறுமியின் குரல் போல, ஒரு வரியும் கொஞ்சமும் பாடிவிட்டு நின்றது.

"அவரோட பொண்ணா?" என்று கேட்டார்.

"அப்பிடித்தான் இருக்கும்" என்றேன்.

அடுத்த நாள் பாடசாலையால் வந்த மகள் பையை இறக்கவும் இல்லை. நாங்கள் கேட்டது பிழை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மதிய இடைவேளையில் தேடியிருக்கிறாள். குரலோடு சேர்த்து ஓர் இசைக்கவையின் அதிர்வையும் அவர் அதே தாளில் பதிந்திருந்தார். எப்போதும் ஒரே வேகத்தில் அதிரும் அதை வைத்துத்தான் உருளை சுழன்ற வேகத்தை அறிய வேண்டும். ஒலியாக்கியவர்கள் முதலில் அந்தக் கணக்கில் தவறி, இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிவிட்டார்கள். பிறகு அவர்களே திருத்தினார்கள். "இட்ஸ் நொட் எ கேர்ள், அம்மா. இட்ஸ் ஹிம்" என்று திருத்திய பதிவைப் போட்டாள்.

ஆண் குரல். பெரும்பாலும் அவருடையதே என்கிறார்கள். மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, சவ்வு நடுங்க நேரம் கொடுத்துப் பாடுகிறார். நல்ல பாட்டுக்காரர் இல்லை. கரகரப்பாக, கொஞ்சம் காற்றோடு இருந்தது. மகள் கேட்காமலே இரண்டாம் தரமும் போட்டாள். கணவர் வந்ததும் அவருக்கும் போட்டுக் காட்டினோம். அவர் காதோடு வைத்துக் கேட்டுவிட்டு, "கஷ்டப்பட்டுப் பாடியிருக்காரு மனுசன்" என்றார். பிறகு, "தோத்துட்டாருன்னு சொன்னது தப்புத்தான்" என்றார்.

அதற்குப் பிறகும் கதை நிற்கவில்லை. அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் மிஞ்சாதபோது, என் அழைப்புகளைச் சொன்னேன், பெயர் ஊர் எதுவும் இல்லாமல். மகள் இடையில் கேள்வி கேட்டாள். சில வேளை தமிழில் கேட்டாள், பிழையாக.

அறுவை முடிந்த நான்காம் மாதம் சிகிச்சைக்குப் போனபோது வழக்கம்போல ஆ என்று இழுத்தேன். எனக்கு ஒரு மாற்றமும் கேட்கவில்லை. சிகிச்சையாளர் முதல் நாள் கோட்டை எடுத்து மேலே வைத்தார், அன்றைய கோட்டை அதன் கீழே வைத்தார்.

"பாருங்கள்" என்றார்.

மேலே கோழி கிளறிய மண். கீழே அலை அலையாக, ஒழுங்காக, இடையிடையே மட்டும் உடைந்து, கிட்டத்தட்ட எட்டு விநாடி ஓடிய கோடு. நான் திரையைத் தொட்டுப் பார்த்தேன். அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் என் கையில் டிஷ்யூப் பெட்டியைத் தந்துவிட்டு, "இன்னொரு தடவை" என்றார். இரண்டு வாரம் கழித்துச் சிறப்பு மருத்துவரும் கமராவில் பார்த்து, இடது குரல்நாண் அசையத் தொடங்கியிருக்கிறது, முழுதாக இல்லை, ஆனால் நடுவுக்கு வருகிறது என்றார். வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தை அழித்துவிட்டு வேறொன்று எழுதினேன். தொடர விரும்புகிறேன். முதலில் குறுகிய அழைப்புகளாகத் தாருங்கள்.

குரல் பழையபடி வரவில்லை. கொஞ்சம் தாழ்ந்து, ஓரத்தில் மணல் கலந்தது போல ஆகிவிட்டது. பாட முடியாது, முன்பும் பெரிதாகப் பாடியதில்லை. சத்தம் போட்டுக் கூப்பிட்டால் உடைகிறது. மகளைக் கூப்பிட அது போதும்.

திரும்பி வேலைக்குப் போன முதல் நாள், ஒரு கிளினிக்கில் இருந்து அழைப்பு. நீரிழிவுப் பரிசோதனை. நோயாளி வயதான யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர். நான் வணக்கம் சொல்லி, வழக்கமான அறிமுகத்தைச் சொல்லி முடித்ததும் அவர் டொக்டரை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்.

"பிள்ளை, உங்களுக்குத் தடிமனோ?"

"இல்லை ஐயா. என்ர குரல் இப்ப இப்பிடித்தான்."

ஆனால் அழைப்பில் பேசப்படுகிற எதையும் மொழிபெயர்க்காமல் விடக் கூடாது. ஆகவே டொக்டருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்: மொழிபெயர்ப்பாளருக்குச் சளி பிடித்திருக்கிறதா என்று நோயாளி கேட்கிறார், இல்லை, என் குரலே இப்படித்தான் என்று மொழிபெயர்ப்பாளர் பதில் சொன்னார். டொக்டர் சிரித்தார். ஐயாவுக்கு நன்றாகக் கேட்கிறதா என்று விசாரிக்கச் சொன்னார். கேட்டேன்.

"ஓம், ஓம், வடிவா விளங்குது" என்றார் ஐயா. "சீனி எவ்வளவு எண்டு கேட்டுச் சொல்லுங்கோ."